ஒரு மழைக்குக் கரைந்துவிடும்

ஜூன் 3

அக்காவுக்கு,

இந்த அகாலத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். பிள்ளை இப்போதுதான் கண் மூடினாள். ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். ஆட்டம் நின்றால் விழித்துவிடுவாள். எழுத்து அங்கங்கே அலைந்திருந்தால் அது அவள் வேலை.

நாளைக் காலை பட்டறை வண்டியில் புதுக் கலப்பை வருகிறது. நம் பட்டறை டிரைவர் மீசைதான் ஓட்டிவருகிறார். மண்ணைக் கீறும் ஒன்பது கால்களையும் இந்தத் தடவை மூன்று வரிசையாகப் பிரித்திருக்கிறேன். "சோளத்தட்டை காலுக்குக் கால் சிக்கிக்குது, நான் உழறேனா குப்பை வார்றேனான்னே தெரியல" என்று போன வருஷம் நீ சொன்னது மனதிலேயே இருந்தது. இப்போது தட்டை நழுவிப் போக வழி இருக்கிறது. கால்களைப் பிடிக்கும் ஸ்பிரிங் வில்லையும் மாற்றியாயிற்று. கல்லில் மோதினால் கால் பின்னால் மடங்கித் தானே திரும்பும். ஓடும்போது நடுங்கும், அந்த நடுக்கத்தில் மண்கட்டி உடைய வேண்டும். உடைகிறதா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"உங்க அக்கா சரின்னா நூறு கலப்பை போடுவோம். இல்லைன்னா பழசே ஓடட்டும்" என்றார் முதலாளி. பிரசவ விடுப்பு முடிந்து வந்த எனக்கு இதுதான் முதல் வேலை. இது தவறினால் வரைபலகையை எடுத்துவிட்டு என்னை பில் போட உட்காரவைப்பார்.

மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. பிரசவத்துக்கு நீ வரவில்லை என்ற ஆத்திரத்தில் அன்றைக்கு போனில், "உனக்கும் ஒரு பிள்ளை இருந்தால்ல தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை பின்னி, காலேஜுக்கு அனுப்பி, மாமா போனபிறகும் ஒற்றை ஆளாய் வயலைப் பார்த்துக்கொள்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது? சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் நீ போனை வைத்துவிட்டாய். எட்டு மாதமாக உன் குரலைக் கேட்கவில்லை. காகிதத்திலாவது திட்டு.

தங்கை


ஜூன் 10

இன்ஜினீயரம்மாவுக்கு,

கலப்பை வந்து சேர்ந்தது. இறக்கும்போது பெயிண்டைக் கீறியது மீசை. நான் இல்லை.

மேட்டு வயல் முழுக்க ஓட்டினேன். தட்டை சிக்கவில்லை. ஒரு தடவைகூட இறங்கிப் பிடுங்க வேண்டிவரவில்லை. கல்லில் மோதிய கால் சொன்னபடி மடங்கித் திரும்பியது, கல்தான் பயந்து நகர்ந்தது. பள்ள வயலில், ஈரம் காயாத இடத்தில் கட்டி பெரிது பெரிதாய்ப் புரள்கிறது. அங்கே உன் வில் நடுங்கவில்லை, தூங்குகிறது.

ஒரு குறை. டிராக்டரை இடது பக்கமாக இழுக்கிறது. நேராகப் பிடித்தால் நிற்கமாட்டேன் என்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை இல்லை இது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து உழுத காலத்திலிருந்து ஓட்டுகிறேன். என் சால் கோணி யாராவது பார்த்ததுண்டா?

ராத்திரி முழுக்கக் கத்துகிறவளுக்குச் சில்வண்டு என்று பேர் வை.

போன் பேச்சைப் பற்றி இனி எழுதாதே.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

சில்வண்டு என்ற பேர் வீட்டில் ஒட்டிக்கொண்டது. உன் மாப்பிள்ளைகூட வேலை முடிந்து வந்ததும், "சில்வண்டு தூங்குதா?" என்றுதான் கேட்கிறார். தூங்கினாலும் எனக்கு நிம்மதி இல்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். "நீ பார்க்கிறதுலதான் அவ முழிச்சுக்கிறா" என்று அவர் சிரிக்கிறார்.

கலப்பை விஷயத்துக்கு வருகிறேன். இடது பக்கம் இழுப்பதற்கு வரைபடத்தில் காரணமே தெரியவில்லை. மையத்திலிருந்து இரண்டு பக்கமும் மறுபடி அளந்துவிட்டேன். தராசுத் தட்டு மாதிரி சமமாக இருக்கிறது. டிராக்டரின் டயர்களில் காற்று சமமா என்று ஒருதரம் பார். ஈர மண்ணுக்காகக் கொஞ்சம் இளகின வில் ஒன்பதும் மீசையிடம் கொடுத்தனுப்புகிறேன். மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. கடிதத்தை மீசையிடம் இடது கையால் நீட்டினாயாமே. பாவம், இரண்டு நாளாகப் புலம்புகிறார். "உங்க மேல கோபம்னா உங்களோட வெச்சுக்கட்டும்மா. எனக்குத் தண்ணியைக்கூட இடது கையாலதான் குடுத்தாங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்கிறார். என்மேல் இருக்கிற கோபத்தை அவரிடம் காட்டலாமா? வீட்டுக்கு வந்த மனுஷருக்கு வலது கையால் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதானே.

தங்கை


ஜூன் 24

சின்னவளுக்கு,

மீசையிடம் சொல். வலது கையில் கிரீஸ் இருந்தது. கோபம் இல்லை. அடுத்த தடவை வந்தால் இரண்டு கையாலும் கொடுக்கிறேன், ஆரத்தி எடுக்கத்தான் ஆள் இல்லை.

டயரில் காற்று சரியாகத்தான் இருக்கிறது. வில் மாற்றின பிறகு பள்ள வயல் பரவாயில்லை. கட்டி உடைந்து பொலபொலவென்று விழுகிறது. ஆனால் இழுப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. வரப்போரம் திரும்பும்போது கலப்பையைத் தூக்குகிற லீவரும் கனக்கிறது. ஓட்டிவிட்டு இறங்கினால் வலது தோள் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கிடக்கிறது. இந்தக் கலப்பைக்கு முன்னால் இப்படி இல்லை.

கட்டி விஷயம் ஒன்று கேட்க வேண்டும். வலது பக்கம் ஒரு கட்டி நிற்கிறது. கோலிக்குண்டு அளவுதான். ஒரு மாதமாகப் பார்க்கிறேன், கரையவில்லை. நீ படித்தவள். என்ன செய்யலாம் என்று எழுது. அவசரம் ஒன்றுமில்லை.

மேலே அடித்திருக்கிற இரண்டு வரியைப் படிக்க முயற்சி செய்யாதே. எழுதத் தெரியாமல் எழுதினது.

சில்வண்டுக்குப் பல் வந்துவிட்டதா?

அக்கா


ஜூன் 29

அக்காவுக்கு,

பல் வருகிறது, கூடவே காய்ச்சலும். இரண்டு நாளாக மடியைவிட்டு இறங்கவில்லை. இடது கையில் அவளை வைத்துக்கொண்டு வலது கையால் உன் கலப்பைக்குக் கணக்குப் போட்டேன். வரைபடத்தில் பால் சிந்தின கறை இருந்தால் பட்டறையில் மன்னிக்கட்டும்.

இழுப்பைச் சரிசெய்தாயிற்று. பின் வரிசையில் வலது ஓரக் காலை நான்கு விரல் வெளியே தள்ளி, அதன் நுனியில் மட்டும் அகலமான கொழு மாட்டச் சொன்னேன். வலது பக்கம் மண் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து இழுக்கும், இடது இழுப்பு அடங்கிவிடும். மீசை அங்கேயே மாட்டிக்கொடுப்பார். ஏன் இழுக்கிறது என்று இன்னும் புரியவில்லைதான். ஆனால் நீ சொன்னால் அது பொய்யாகாது. உன் சால் கோணி நான் பார்த்ததே இல்லை.

கட்டியைப் பற்றிக் கேட்டாய். கோலிக்குண்டு அளவுதானே? அதற்கெல்லாம் கவலைப்படாதே. மண்ணை மாவாக அரைக்கக் கூடாது என்று எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். மாவாக இருந்தால் மழையில் மேலே ஓடு கட்டி, முளையை வெளியே விடாது. அங்கங்கே சின்னக் கட்டி நிற்பது நல்லதுதான். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே விடு. ஒரு மழைக்குத் தானே கரைந்துவிடும்.

அடித்த வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'வெட்கமாக' என்ற ஒரு சொல்தான் தெரிந்தது. என்னிடம் உனக்கு என்ன வெட்கம்?

தங்கை


ஜூலை 8

சின்னவளுக்கு,

கலப்பை இப்போது நேராகப் போகிறது. நீ படித்தது வீண் போகவில்லை. நூறு கலப்பையையும் போடச் சொல்.

உன் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். நீ எழுதினது மனசுக்கு நன்றாக இருந்தது. நேற்று நல்ல மழை.

கலப்பையை மீசையோடு திருப்பி அனுப்புகிறேன். இனிமேல் ஓட்டிப் பார்க்க வேறு ஆளை வைத்துக்கொள். எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. பள்ள வயலைப் பக்கத்து வயல்காரரிடம் விட்டிருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்வார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதே. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. எதையும் தள்ளிப்போடாதே.

அக்கா


ஜூலை 13

அக்காவுக்கு,

பகலில், பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று காலை பட்டறைக்குப் பின்னால் இருக்கிற காலி நிலத்தில் முதலாளி முன்னால் மீசை அந்தக் கலப்பையை ஓட்டினார். பாதி சால்கூடப் போகவில்லை, நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"என்னம்மா இது, வலது பக்கமா இழுக்குது?"

"இடது பக்கம்தானே இழுத்தது? அதுக்குத்தான் திருத்தினோம்."

"எனக்கு வலது இடது தெரியாதா? சோத்துக் கை எதுன்னு காட்டட்டுமா?"

முதலாளி தானே ஏறி ஓட்டினார். வலது பக்கம்தான். நான் வெளியே தள்ளின காலை மறுபடி உள்ளே மாட்டச் சொன்னேன், பழைய கொழுவோடு. நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அதாவது முதலில் இருந்தே கலப்பை சரியாக இருந்திருக்கிறது. லீவரும் கனக்கவில்லை, மீசை ஒரு விரலால் தூக்கினார்.

"அப்போ அக்கா ஓட்டினப்ப மட்டும் ஏன் இழுத்தது?" என்று கேட்டேன். மீசை தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அவங்க ஒத்தைக் கையில ஓட்டினாங்கம்மா, இடது கையில. வலது கையை மடியிலயே வெச்சிருந்தாங்க. நான் ஏதோ பழக்கம்னு நெனச்சேன்."

உள்ளே வந்து உன் கடிதங்களை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டேன். இடது கையால் கொடுத்த தண்ணீர். சொந்தமில்லாத தோள். அப்புறம், "வலது பக்கம் ஒரு கட்டி நிற்கிறது."

வயலில் கட்டியை யாராவது ஒன்று என்று எண்ணுவார்களா அக்கா? ஒரு மாதமாகப் பார்க்கிறேன் என்றாய். அந்த ஒரு மாதத்தில் அந்த வயலை நீயே இரண்டு தடவை உழுதிருக்கிறாய். உழுத வயலில் அதே கட்டி எப்படி நிற்கும்?

அது வயலில்தான் என்று ஒரே ஒரு வரி எழுது. நான் ஒரு பயந்தாங்கொள்ளி, பிள்ளை தும்மினாலே அழுகிறவள், இதுவும் அப்படித்தான் என்று திட்டி எழுது. மீசையை இப்போதே அனுப்புகிறேன். பதில் வாங்காமல் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கை


ஜூலை 13

சின்னவளே,

மீசை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். போகமாட்டாராம். வலது கையால்தான் தண்ணீர் கொடுத்தேன், பாதி கீழே சிந்திவிட்டது. அவர் அழுகிறார். நான்தான் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது.

வயலில் இல்லை. மார்பில், அக்குளை ஒட்டி. நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாதுதான், ஆனாலும் அந்த வியாதியின் பேரை எழுத இன்னும் கை வரவில்லை. நான் உன்னிடம் கேட்டபோது கோலிக்குண்டு. இப்போது அப்படி இல்லை. கையும் வீங்கியிருக்கிறது.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள். உன் வயசுதான் இருக்கும். "உழுதுட்டு இருந்தேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் பரவியிருக்கிறதாம். வியாழக்கிழமை அறுக்கிறார்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

போனை ஏன் எடுக்கவில்லை தெரியுமா? முதலில் கோபம்தான். நீ சொன்னது வலித்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கோபம் சீக்கிரம் ஆறிவிட்டது. அப்புறம் இது வந்தது. உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று பயம். கைப்பிள்ளைக்காரியிடம் இதை எப்படிச் சொல்வது? காகிதத்தில் எழுதலாம் என்று இரண்டு வரி எழுதினேன், வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன். கட்டியோடு கட்டியாகச் சேர்த்து எழுதிவிட்டால் நீயே புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். அது என் புத்தி. உன்மேல் தப்பு சொல்லாதே, நான் எழுதின லட்சணம் அப்படி.

உன் பதில் வந்தபோது நீ மண்ணைத்தான் சொல்கிறாய் என்று தெரியாமல் இல்லை. நான் அவ்வளவு மக்கு இல்லை. திருத்தி மறுபடி எழுதியிருக்கலாம். ஆனால் 'கவலைப்படாதே, ஒரு மழைக்குத் தானே கரைந்துவிடும்' என்று உன் கையெழுத்தில் இருந்தது. அதை இழக்க மனசு வரவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மழையும் பெய்தது. காலையில் எழுந்து தொட்டுப் பார்த்தேன், பைத்தியக்காரி.

கூடம் கோணல் இல்லை, ஆடினவள் கைதான். கலப்பையைத் திருத்தி அனுப்பு. நூறு கலப்பையும் வலது பக்கம் இழுத்தால் உழுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னைத்தான் திட்டுவார்கள்.

சில்வண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வராதே. ஆஸ்பத்திரிக் காற்று அவளுக்கு ஆகாது.

அக்கா


ஜூலை 26

அக்காவுக்கு,

இந்தத் தடவையும் அகாலம்தான். சில்வண்டு தூங்கிவிட்டாள், தொட்டிலை யாரும் ஆட்டவில்லை. இடையில் மறுபடி வந்த காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது. இப்போது எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

வராதே என்று எழுதினாய். வந்தேன். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் கீழே வாசலில் நின்றது நாங்கள்தான். கைக்குழந்தையோடு வார்டுக்குள் விடமாட்டேன் என்று வாட்ச்மேன் மறித்துவிட்டார். "பிள்ளையை யார்கிட்டயாவது குடுத்துட்டு வாம்மா" என்றார். பால்குடி மறக்காதவள், என்னைத் தவிர யாரிடமும் நிற்கமாட்டாள். உன் மாப்பிள்ளை மட்டும் மேலே வந்தார். நான் அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு ஜன்னல்கள். அப்புறம் ஒரு ஜன்னலில் நீ வந்தாய். நர்ஸ் பிடித்துக்கொண்டிருந்தாள். இடது கையை ஆட்டினாய். நான் பிள்ளையை உயரத் தூக்கிக் காட்டினேன். முகம் தெரிந்ததா? முதல் தடவையாக அவளைப் பார்க்கிறாய், அதுவும் அவ்வளவு தூரத்திலிருந்து. அவளோ உன்னை விட்டுவிட்டு மரத்தில் காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று உன் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அக்காவுக்குத் தெம்பு வரணும்னு சொன்னாங்க" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மறுபடி கேட்கவில்லை.

அந்த வரியை நினைக்காமல் என்னால் ஒரு நாளும் இருக்க முடியவில்லை. அப்படியே விடு என்று எழுதினேனே. என்மேல் தப்பில்லை என்று நீ சொல்லிவிட்டாய். நீ சொன்னால் அது பொய்யாகாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இந்த ஒன்றை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

கலப்பையின் வலது ஓரக் காலைப் பழையபடி உள்ளே தள்ளிவிட்டோம். முதலாளி நூறு கலப்பைக்கும் இரும்பு சொல்லிவிட்டார். தொண்ணூற்றொன்பது ஒரே மாதிரி. நூறாவது மட்டும் வேறு, அதைத்தான் முதலில் செய்து முடித்தோம். டிராக்டரில் வலது பக்கம் இருக்கிற லீவரை இடது கையால் இயக்குகிற மாதிரி, இருக்கைக்குப் பின்னால் ஒரு தண்டு வளைத்துக் கொண்டுவந்து இடது பக்கம் பிடி வைத்தேன். ஸ்டியரிங்கில் ஒற்றைக் கையால் சுற்ற ஒரு குமிழும் உண்டு. வலது கையை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

"இதை யாரும்மா வாங்குவா?" என்று முதலாளி கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மீசை, "அதுக்கு ஆள் இருக்கு, நீங்க பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்க" என்றார். அந்த மனுஷர் முதலாளியிடம் குரல் உயர்த்தி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதைப் பள்ள வயல் ஓரத்தில், தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்தியிருக்கிறார். பக்கத்து வயல்காரர் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாராம், கூடாது என்று சொல்லிவிட்டேன். தண்டு சரியாக வளைந்திருக்கிறதா, பிடி கைக்கு எட்டுகிறதா, லீவர் கனக்கிறதா என்று நீ ஏறி உட்கார்ந்து சொல்லும் வரைக்கும் அது வேலை முடியாத கலப்பைதான்.

இந்தக் காகிதத்தோடு உறையும் பேனாவும் வைத்திருக்கிறேன். இடது கையால் எழுது. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நான்கு சொல் போதும். சீக்கிரம் பதில் போடு அக்கா.

தங்கை